நாளும் நேரமும் கேட்டவர்

எனக்கு அவரை அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. என் கோபம் மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. நானும் அதை விரட்டிப் பார்க்கவில்லை.

திருவொற்றியூரில் நானும் அம்மாவும் வேலை பார்த்த தீப்பெட்டித் தொழிற்சாலையில் அவர் டைம் கீப்பர். காலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும் கேட்டை இழுத்துச் சாத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்ப்பேட்டையில், உப்புக் கிடங்குக்குப் பின்னால் இருந்த தகரக் கூரை ஜெப வீட்டுக்கு மூப்பர். அங்கேயும் அதே வேலைதான். யார் உள்ளே, யார் வெளியே என்று பார்ப்பது. வாரத்தில் ஏழு நாளும் அந்த மனிதருக்கு ஒரே உத்தியோகம்.

வெள்ளை டிரில் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார். கோட்டுப் பையில் சங்கிலி கோத்த கடிகாரம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்து பார்ப்பார், மூடிப் பையில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். ஃபோர்மேன் கத்தினால் திருப்பிக் கத்துகிற பெண்கள்கூட அந்த மூடி சாத்துகிற சத்தத்துக்கு வாயை மூடிக்கொள்வார்கள். நாங்கள் எல்லாரும் தீக்குச்சி மருந்து நெடியோடு வீட்டுக்குப் போவோம். அவர் மேல் மட்டும் எப்போதும் சலவை சோப்பு வாசனை. அதுகூட எனக்கு எரிச்சல்தான்.

அவரிடம் மாட்டினால் ஒரே கேள்வி. "நீ எப்போம்மா இரட்சிக்கப்பட்டே?"

ஆண், பெண், தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. டிராமில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கண்டக்டரிடம் கேட்பார். கூடையை இறக்கி வைக்கிற மீன்காரியிடம், வஞ்சிரம் என்ன விலை என்கிற மாதிரியே கேட்பார். "சின்ன வயசுல", "கல்யாணத்துக்கு முந்தி" என்று மழுப்பினால் விடமாட்டார். எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எந்த வசனம். நாலும் வேண்டும் அவருக்கு.

ஒருமுறை வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டி வைத்திருந்த சாயபு ஒருவர் டிராமுக்கு நின்றுகொண்டிருந்தார். நானும் அம்மாவும் பக்கத்தில் நிற்கிறோம். இவர் நேராகப் போய், "ஐயா, கடவுள் உங்களை எப்போதாவது கூப்பிட்டிருக்கிறாரா?" என்று கேட்டார். சாயபு வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"எப்பனாச்சுமா? ஒரு நாளிக்கு அஞ்சு தபா கூப்புட்டுகினுதான் கீறாங்க நைனா. நமக்குத்தான் மண்டிய உட்டுட்டுப் போவ முடியல."

டிராமுக்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். அந்தச் சாயபு எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும்.

அவருடைய போதனையை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆண்டவர் மனுஷனை இரண்டு விதமாகக் கூப்பிடுகிறார். ஒன்று வெளி அழைப்பு. தெருமுனையில் நின்று பிரசங்கம் பண்ணுகிறார்களே, அது. அது எல்லாருக்கும் பொது. நிற்கிறவன் நிற்பான், போகிறவன் போவான். இன்னொன்று உள் அழைப்பு. பரிசுத்த ஆவியானவர் ஒருவனுடைய நெஞ்சுக்குள் வந்து, பேர் சொல்லிக் கூப்பிடுவது. அதுவரைக்கும் அவன் பிணம். கூப்பிட்டதும் எழுந்து வருவான், வராமல் இருக்க அவனாலேயே முடியாது. இந்த மட்டும் சரி. பெரிய வேதக்கோயில்களிலும் இப்படிச் சொல்லுகிறவர்கள் உண்டு. இதற்குமேல் அவர் தன் சொந்தச் சரக்காக ஒன்றைச் சேர்த்திருந்தார். "பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டால் உனக்குத் தெரியாமல் போகுமா? அந்த நேரம் மறந்துபோகுமா? நேரம் தெரியவில்லை என்றால் கூப்பிடவில்லை என்று அர்த்தம்."

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. அதற்காக அவர்கள் பிறக்கவே இல்லை என்று யாரும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை ஜெப வீட்டின் நடுவில் ஒரு சின்ன மேசை போடுவார்கள். அதன்மேல் வெள்ளைத் துணி, ராயபுரம் பேக்கரியிலிருந்து வாங்கிவந்த ஒரு முழு ரொட்டி, ஒரு கிண்ணத்தில் திராட்சரசம். மேசையைச் சுற்றி முன்பாய்கள் விரித்திருக்கும். நாளும் நேரமும் சொல்லி, மூப்பர் ஒப்புக்கொண்டு, எண்ணூர்க் கழியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அதில் உட்காருவார்கள். மற்றவர்களுக்குச் சுவரோரமாகக் கடைசிப் பாய். ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்துக் கைமாற்றிக்கொண்டே வருவார்கள். முன்பாயின் கடைசி ஆள்வரை வந்த தட்டு அங்கேயே திரும்பிவிடும். இரண்டு பாய்க்கும் நடுவில் ஒரு முழம் சிமெண்டுத் தரை. அந்த ஒரு முழத்தைத் தாண்டி அந்த ரொட்டியில் ஒரு துண்டு வாங்கவேண்டும் என்பதுதான் என் அம்மாவுடைய ஒரே ஆசை.

அவள் அங்கே போனதற்குக் காரணமே அவர்தான்.

என் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சங்கிலி அறுந்து செத்துப்போனார். அடக்கத்தன்று கொட்டுகிற மழை. பெட்டி தூக்க ஆள் போதவில்லை. அம்மா தன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள் என்று தெரிந்து இவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். காசிமேட்டுக் கல்லறைவரை தானும் தோள் கொடுத்தார். அந்த வெள்ளைக் கோட்டெல்லாம் சேறு. இதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது அம்மா பக்கம் குனிந்து கேட்டார்.

"சகோதரர் எப்போது இரட்சிக்கப்பட்டார் என்று உனக்குத் தெரியுமா, சகோதரி?"

அம்மா விழித்தாள். "தெரியலீங்களே அய்யா."

அவர் பாவம் என்கிற மாதிரித் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அம்மாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெப வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்பா எங்கே போனார் என்று அந்த மனிதருக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவேண்டும். நானும் கூடப் போனேன். என்னிடமும் கேட்டார். "தெரியாது. தெரிஞ்சிக்கவும் வேணாம்" என்றேன். கடைசிப் பாயில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அம்மாவுக்குக் கஷ்டம். அவள் புளியந்தோப்பில் வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். பேச்சு வந்த நாளிலிருந்து ஜெபம் பண்ணுகிறவள். ஆண்டவர் அவளுக்குக் கோயிலில் இருக்கிறவர் இல்லை, அடுப்படியில் இருக்கிறவர். அரிசி களைந்துகொண்டே அவரிடம் பேசுவாள். விறகு ஈரமாக இருந்தால் சண்டை பிடிப்பாள். "இன்னா நைனா, ரேஷன்ல இந்தக் கல்லு அரிசியத்தான் எனுக்குன்னு எடுத்து வெச்சிருந்தியா?" என்பாள். திட்டி முடித்ததும் ஏதாவது ஒரு பாட்டை முனகிக்கொண்டே குழம்பு கூட்டுவாள். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் என்று நான் நினைத்ததே இல்லை, மூன்று பேர் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுத்தவர்களை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூப்பர் விசாரிப்பார். எல்லார் முன்னாலும்தான் நடக்கும். அம்மா துவைத்த வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"எப்போது, சகோதரி?"

"எப்பவுந்தான் அய்யா. பொறந்ததுலேருந்து கூடவேதான் கீறாரு."

"அது உன் தாயார் கொடுத்த பழக்கம். நான் அழைப்பைக் கேட்கிறேன். உன்னை எப்போது கூப்பிட்டார்?"

அம்மா யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே யோசித்தாள். பிறகு சொன்னாள்.

"எட்டப் போனவங்களத்தான அய்யா கூப்புடுவாங்க? நான் பக்கத்துலியே கீறேன். என்னை எதுக்குக் கூப்புடப் போறாரு?"

முன்பாயில் யாரோ தன்னை மறந்து "ஆமென்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடிகாரத்தை எடுத்தார், பார்த்தார், மூடினார். பிறகு மிகவும் மெதுவாக, அன்பாகவே சொன்னார்.

"நல்லவர்களுக்குத்தான் இந்த மயக்கம் வரும், சகோதரி. ஆண்டவர் உன்னை இன்னும் கூப்பிடவே இல்லை. அப்படியானால், இத்தனை வருஷமாக உன் பக்கத்தில் இருக்கிறார் என்கிறாயே, அது யார்? யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?"

அம்மா கடைசிப் பாய்க்கு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை எங்கள் அடுப்படியில் சத்தமே இல்லை. அரிசி களைகிறாள், விறகை ஊதுகிறாள், வாய் மட்டும் திறக்கவில்லை. "யம்மா, இன்னா கம்முனு கீற?" என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"யாரு, இன்னான்னு தெரியாம பேசிக்கினு இருக்கறது தப்பில்லியாடி?"

நான் அவரை வெறுக்கத் தொடங்கியது அந்தக் காலையில்தான். ரொட்டி தராததைக்கூட விட்டுவிடுவேன். தொழிற்சாலைக்குப் போகிற வழியில் கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் சாத்தியிருந்த ஒரு நாள், ஓடி வந்த என் அம்மாவின் மூக்குக்கு நேரே தொழிற்சாலைக் கேட்டை இழுத்துப் பூட்டி அன்றைய கூலியைக் கெடுத்தாரே, அதையும் விட்டுவிடுவேன். என் அம்மாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு துணை இருந்தது. அது யாரோ எவரோ என்று அவளையே சந்தேகப்பட வைத்தாரே, அதை விடமாட்டேன்.

பொய் சொல்லுகிறவர்களுக்கு அங்கே ஒரு கஷ்டமும் இல்லை. எங்கள் தொழிற்சாலையிலேயே ஒரு ஃபிட்டர் பையன் இருந்தான். இன்ன தேதி, மத்தியான ஷிப்டில், மெஷினைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆண்டவர் கூப்பிட்டார் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னான். நன்றாகத்தான் சொன்னான், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவர் கேட்டு முடித்துவிட்டு, "தம்பி, அன்றைக்கு லாக்-அவுட் ஆச்சே? கேட்டை நான்தானே பூட்டினேன்? நீ எப்படி உள்ளே போனாய்?" என்றார். பையனுக்கு வேர்த்துவிட்டது. கடைசிப் பாயில் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அடுத்த தடவை வேறு ஒரு தேதியை, வேலை நாள்தானா என்று விசாரித்து வைத்துக்கொண்டு, சொன்னான். முன்பாய்க்குப் போய்விட்டான்.

நான் அம்மாவிடம் சொன்னேன். "அவன் பொயச்சிக்கினான் பாரு. நீயும் எதுனா ஒரு நாளச் சொல்லிட்டுப் போயேன். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. "அவரு பேருல பொய் சொல்லி அவரு ரொட்டியத் துன்னச் சொல்றியா?" என்றாள்.

அதனால் கடைசிப் பாயிலேயே இருந்தாள். வருஷக்கணக்காக இருந்தாள். ஆராதனை முடிந்ததும் கிண்ணத்தைக் கழுவுவது அவள், தட்டைத் துடைப்பது அவள், பாய் சுருட்டுவது அவள். மீந்த ரொட்டியை அவர் அவளிடம் நீட்டுவார். "மேசையிலிருந்து எடுத்துவிட்டால் வெறும் ரொட்டிதான் சகோதரி, வீட்டுக்குக் கொண்டுபோ" என்பார். பசியோடு இருக்கிற நாளிலும் அம்மா அதைத் தொட்டு வாயில் வைக்கமாட்டாள். நான் தின்பேன். தெருவில் நின்று, அவர் பார்க்கும்படியாகவே தின்பேன்.

அவருடைய சாட்சியைச் சொல்லவேண்டும். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அதைச் சொல்லுவார், ஒரு சொல் மாறாது. வாலிபத்தில் குடித்துவிட்டு ராயபுரம் கூட்ஸ் ஷெட் பக்கமாகத் தள்ளாடிக்கொண்டு வந்தாராம். கரிக்குவியலில் கால் வைத்துச் சறுக்கி விழுந்தாராம். ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது. எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது, கால் வீங்கிய ஒரு கிழவர், சுவிசேஷப் புஸ்தகம் விற்கிறவர், சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாரம் சுமக்கிறவர்களை வரச் சொல்லுகிற வசனத்தைத் தனக்குத்தானே படித்துக்கொண்டிருந்தார். சாயங்காலச் சங்கு ஊதியது. அந்த நேரத்தில் கூப்பிட்டார். நாள், கிழமை எல்லாம் உண்டு. எனக்கும் மனப்பாடம்தான். எழுதமாட்டேன். அந்தத் தேதிக்கு என் கையால் மரியாதை செய்ய இஷ்டமில்லை.

ஒருநாள் காலை சங்கு ஊதி ஓய்ந்த பிறகும் தொழிற்சாலைக் கேட் திறந்தே கிடந்தது. தாமதமாக வந்தவர்கள் நம்பமுடியாமல் வெளியே தயங்கிக்கொண்டு நின்றார்கள். உள்ளே அவர் தரையில் கிடந்தார். வாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சில வாரங்களில் பேச்சு குழறிக் குழறித் திரும்பியது. ஞாபகம் திரும்பவில்லை.

அவருடைய சம்சாரம் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நல்ல மனுஷி, கூட்டத்தில் வாய் திறக்காதவர்.

"அவுரு அழுதுகினே கீறாரும்மா. எப்போ, எப்போன்னு கேட்டுகினே கீறாரு. அவுரு ரச்சிக்கப்பட்ட நாளு அவுருக்கே மறந்துபூட்ச்சி. மறந்தா கூப்புடலன்னு அர்த்தமாமே? நான் நரகத்துக்குப் பூடுவேன்னு நடுங்குறாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது. அம்மா அதற்குள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் எங்கே போய் என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால் அவர்கள் வீடு. முன்பாய்க்காரர்கள் நாலைந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை என்கிறார், ஒருவர் புதன்கிழமை என்கிறார். அந்த ஃபிட்டர் மாதத்தையே மாற்றிச் சொல்கிறான். வாரா வாரம் காதில் விழுந்ததை ஒருத்தரும் காதில் வாங்கியிருக்கவில்லை. அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "பொய்... பொய்..." என்று அழுதுகொண்டிருந்தார். கோட்டு இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். ரொம்பச் சின்ன மார்பு.

அம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். "நான் சொல்றேன், கேளுங்க அய்யா" என்றாள். நாள், கிழமை, கூட்ஸ் ஷெட், கரிக்குவியல், கால் வீங்கிய கிழவர், வசனம், சங்கு. எல்லாவற்றையும் அவர் சொல்லுகிற அதே வரிசையில் சொன்னாள். அவர் அழுகையை நிறுத்தினார். ஆனால் உடனே நம்பிவிடுவாரா? அவளையும் விசாரித்தார்.

"செருப்பு... எந்தக் கால்?"

"எடது கால் அய்யா."

"காற்று?"

"கடல் காத்து. கரித்தூளு கண்ணுல விழுந்துச்சின்னு சொல்லுவீங்களே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆமாம். நான்தான். என்னைத்தான் கூப்பிட்டார்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவருடைய சம்சாரம் பாலில் ரொட்டி ஊறப்போட்ட கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அம்மா கிண்ணத்தை வாங்கி, ரொட்டியைச் சின்னத் துண்டாகப் பிட்டு அவருக்கு ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவது துண்டை எடுத்தபோது அவளை உற்றுப் பார்த்துக் கேட்டார்.

"நீ எப்போம்மா?"

அம்மாவின் கை அப்படியே நின்றது. "என்னை இன்னும் கூப்புடல அய்யா" என்றாள்.

"காத்திரு, சகோதரி" என்று சொல்லிவிட்டு அவர் வாயைத் திறந்தார். அம்மா ஊட்டினாள். அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி அவர் தலையில் கவிழ்க்காமல் எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே அவருக்கு எல்லாம் மறந்துபோனது. மறுபடி அழுகை, மறுபடி ஆள் வந்தது. அவர் சாகிறவரைக்கும் அம்மா ஷிப்டு முடிந்து நேரே அங்கே போனாள். அவருடைய அழைப்பை அவருக்குச் சொல்லுவாள். அவர் அவளுடையதைக் கேட்பார். அவள் இல்லை என்பாள். அவர் காத்திருக்கச் சொல்லுவார். ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை.

அவருக்குப் பிறகு அந்த ஃபிட்டர் பையன்தான் மூப்பரானான். கெட்டவன் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே ரொட்டித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஒரு முழத் தரையைத் தாண்டி வந்து அம்மா முன்னால் நீட்டினான். ஜெப வீடே திரும்பிப் பார்த்தது. அவள் அத்தனை வருஷம் ஆசைப்பட்ட ரொட்டி மூக்குக்குக் கீழே இருக்கிறது. நான் அவள் முழங்கையை இடித்தேன்.

"வேணாம் தம்பி" என்றாள். "அய்யா கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலியே."

கடைசிவரைக்கும் வாங்கவில்லை. கடைசிப் பாயிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை.

அவள் போகிற காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த வாய் அப்படி அசைவதை அன்று பார்த்தேன். குனிந்து கேட்டேன்.

"யாராண்டம்மா பேசிக்கினு கீற?"

"தெரியலடி" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆனா என்னை உடமாட்டேன்றாரு" என்றாள்.

மறுமை என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்துவிட்டால், எனக்கு அங்கே இடம் கிடைக்கிறதோ இல்லையோ, வாசலில் நின்றாவது ஆண்டவரிடம் ஒன்று கேட்டுவிட்டுத்தான் போவேன். அந்த ஆளையும் கூப்பிட்டு, கோட்டும் கடிகாரமுமாகப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுவேன். "எங்க அம்மாவ எப்போ கூப்புட்டீங்க? இந்த ஆளு காதுல விழற மாதிரி சொல்லுங்க" என்று கேட்பேன்.